வசனம் தின்னும் நேரம்: துப்பறியும் விளையாட்டில் ஸ்பீட்ரன் தொடங்குவோருக்கு

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகள் நங்கூரம் போட்டு நிற்கும். படகுக்குப் போகும் இளைஞர்கள் பகலில் வலையையும் எஞ்சினையும் சீர்செய்வார்கள். மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். போன தடைக்காலத்தில் அப்படி வந்த பாம்பன் தம்பி ஒருவனிடம் நின்டெண்டோ டிஎஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று இருந்தது. கீழக்கரையில் இருக்கும் அவன் மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. அதற்குள் 2007இல் ஜப்பானில் வெளியான ‘புரொஃபசர் லேட்டன் அண்ட் த க்யூரியஸ் வில்லேஜ்’ விளையாட்டு. ஒரு கிராமம், அதற்குள் ஒரு மர்மம், எதிர்ப்படுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புதிர் போடுவார்கள். பத்து நாளில் முடித்துவிட்டு வந்து கேட்டான்: “அண்ணே, இப்போது எல்லா விடையும் எனக்குத் தெரியும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் எவ்வளவு நேரத்தில் முடிக்கலாம்?”

ஸ்பீட்ரன் என்பது இந்தக் கேள்விதான். புது ஆட்டம் தொடங்கும் பொத்தானை அழுத்தியதிலிருந்து கதை முடியும் வரை ஓடும் கடிகாரத்தைக் குறைத்துக்கொண்டே போவது.

முதல் வாரம் அவன் புதிர் விடைகளை ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தான். நேரம் கொஞ்சம் குறைந்தது. அதற்கு மேல் இறங்க மறுத்தது. ஒருநாள் இரவு அவன் ஓட்டத்தைக் கைபேசியில் பதிவு செய்து, இருவரும் உட்கார்ந்து கணக்கெடுத்தோம். புதிருக்குள் செலவான நேரத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, யாராவது பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்ததிலும் தேவையில்லாத ஆளிடம் பேச்சுக் கொடுத்ததிலும் போயிருந்தது. விடை தெரிந்த புதிர் சில விநாடிகளில் முடிந்துவிடும். வசனமோ, விடை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே நீளம். புதிதாக வருகிறவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொண்டால் ஒரு மாதம் மிச்சம்.

முதலில் ஒருமுறை நிதானமாக

எந்த விளையாட்டை ஓடப் போகிறீர்களோ, அதை முதலில் ஒரு வாசகரைப்போல விளையாடி முடியுங்கள். பிறர் ஓடிய பதிவுகளை அதற்கு முன் பார்க்காதீர்கள். மர்மக் கதையின் முடிச்சு அவிழும் இன்பம் ஒருமுறைதான் கிடைக்கும். அதைக் கடிகாரத்துக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. தொழில்முறையிலும் இது அவசியம். எந்தப் பேச்சு கதையை நகர்த்துகிறது, எந்தப் பேச்சு வெறும் அலங்காரம் என்பது கதையை முழுதாகப் படித்தவருக்குத்தான் தெரியும்.

அதன்பின் பதிவுகளைப் பாருங்கள். 2010 முதல் நடந்துவரும் கேம்ஸ் டன் குயிக் ஸ்பீட்ரன் மாரத்தான்களில் ஓடுகிறவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஏன் இப்படிப் போகிறார் என்று விளக்கிக்கொண்டே வருவார். புதியவர்களுக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

பூட்டு எந்த வகை என்று பாருங்கள்

துப்பறியும் விளையாட்டில் அடுத்த கதவு எதனால் திறக்கிறது என்பதை வைத்துத்தான் உங்கள் வேலை முழுவதும் அமையும்.

சில விளையாட்டுகளில் உங்கள் தலைக்குள் இருக்கும் விஷயமே சாவி. 1993இல் வந்த ‘மிஸ்ட்’ இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். புதிதாக விளையாடுகிறவர் நாள் கணக்கில் அலைந்து கண்டுபிடிக்கும் ஒரு வடிவம் அதில் உண்டு. நூலகத்தில் இருக்கும் கணப்படுப்பின் தகட்டில் அந்த வடிவத்தை அழுத்தினால் கடைசி அறை திறக்கும். ‘நீ இதை எங்கே தெரிந்துகொண்டாய்?’ என்று விளையாட்டு கேட்பதில்லை. வடிவமும், முடிவுக்குத் தேவையான வெள்ளைத் தாள் இருக்குமிடமும் தெரிந்தவர் நடுவில் உள்ள உலகங்களுக்குப் போகாமலேயே சில நிமிடங்களில் முடித்துவிடலாம். 2015இல் வந்த ‘ஹெர் ஸ்டோரி’யும் இந்த வகைதான். ஒரு பெண்ணின் விசாரணைக் காணொளித் துண்டுகளைச் சொல் தட்டச்சு செய்து தேட வேண்டும். ஒரு தேடலுக்கு முதல் ஐந்து துண்டுகளே திறக்கும். ஆகவே எந்தச் சொல் எந்தத் துண்டை முதல் ஐந்துக்குள் கொண்டுவரும் என்பதுதான் பாடம்.

வேறு சில விளையாட்டுகளில் நீங்கள் அறிந்திருந்தால் போதாது, விளையாட்டும் அறிந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஆளிடம் பேசினால்தான் அதன் நினைவில் ஒரு குறி விழும். அந்தக் குறி இல்லாமல் கதவு திறக்காது. 2001இல் தொடங்கிய ‘ஏஸ் அட்டர்னி’ வரிசை இப்படி. கொலையாளி யார் என்று உங்களுக்குத் தெரிந்தாலும் சாட்சி சொல்வதைக் கேட்டு, சில இடங்களில் குறுக்கிட்டு, உரிய வாக்கியம் வந்த பிறகுதான் ஆதாரத்தைக் காட்ட முடியும். லேட்டன் இரண்டும் கலந்தது. புதிரின் விடையை உடனே கொடுக்கலாம். ஆனால் சில இடங்களில் ‘இத்தனை புதிர் தீர்த்துவிட்டு வா’ என்று வழிமறிப்பார்கள்.

2018இல் வந்த ‘ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்’ தனி ரகம். ஒரு கப்பலில் 60 பேர். ஒவ்வொருவரும் யார், என்ன ஆனார் என்று குறிப்பேட்டில் நிரப்ப வேண்டும். பொதுவாக மூன்று பேரின் விவரம் சரியாக அமையும்போதுதான் அது உறுதி செய்யும். எல்லாம் தெரிந்தவருக்கும் நிரப்பும் வரிசையில் திட்டம் வேண்டும்.

முதல் விளையாட்டாகக் கலப்பு வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். அறிவு மட்டுமே சாவியாக உள்ளவை சீக்கிரம் முடிந்துவிடும். கற்றுக்கொள்ள இடம் குறைவு. வசனமே எல்லாமாக உள்ளவை கையை வாட்டும்.

விதிகளைப் படிக்காமல் ஓடாதீர்கள்

ஸ்பீட்ரன்.காம் தளத்தில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் பிரிவுகளும் விதிகளும் இருக்கும். ‘எனி பர்சென்ட்’ என்றால் எப்படியாவது முடிவைத் தொடுவது. ‘நூறு சதவீதம்’ என்றால் அந்தப் பட்டியல் வரையறுத்த எல்லாவற்றையும் செய்து முடிப்பது. புதியவருக்கு முன்னது போதும்.

மூன்று விஷயங்களை மட்டும் தவறாமல் பாருங்கள். பொத்தானை நீங்கள் அழுத்தாமலேயே அழுத்திக்கொண்டிருக்கும் டர்போ கன்ட்ரோலரைப் பெரும்பாலான பட்டியல்கள் ஏற்பதில்லை. விளையாட்டுக் கருவியைப்போலக் கணினியில் இயங்கும் மென்பொருளான எமுலேட்டருக்கு அனுமதி உண்டா என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். முந்தைய ஆட்டம் சேமிக்கப்பட்டிருக்கும் பழைய சேவ் கோப்பை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா என்பது மூன்றாவது. வசன விளையாட்டுகளில் இது மிக முக்கியம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

வசனத்தைக் கடப்பது

அமைப்புகள் பக்கத்துக்குப் போய் எழுத்து வேகத்தை உச்சத்தில் வையுங்கள். சொல்லவே வேண்டாத விஷயம் என்று தோன்றும். ஆனால் எங்கள் திண்ணையில் மூன்று பேர் இதைச் செய்யாமல் வாரக்கணக்கில் ஓடியிருக்கிறார்கள்.

அடுத்து, ஒரே ஒரு நீளமான உரையாடலை எடுத்துக்கொண்டு, பொத்தானுக்கு வசனப் பெட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்று சோதியுங்கள். எழுத்து எழுத்தாக ஓடும்போது ஒருமுறை அழுத்தினால் மீதி முழுவதும் ஒரேயடியாகத் தோன்றுகிறதா? அப்படியானால் ஒரு பெட்டிக்கு இரண்டு அழுத்தல்: ஒன்று நிரப்ப, மற்றொன்று நகர்த்த. இங்கேதான் வேகமாகத் தட்டுவதற்குப் பலன் உண்டு. அழுத்தினாலும் எழுத்து தன் போக்கில்தான் ஓடுகிறதா? அங்கே படபடவென்று தட்டுவது வீண். பெட்டியின் ஓரத்தில் அம்புக்குறி தோன்றும் கணத்தில் ஒரே ஒரு தட்டு போதும், கையும் மிஞ்சும். சிலவற்றில் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தால் வசனம் பறக்கும். சிலவற்றில் ஒரு பொத்தான் காட்சி முழுவதையும் தாண்டவைக்கும். எல்லாப் பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், வெட்கப்படாமல்.

ரென்பை என்ற இலவச எஞ்சினில் உருவாகும் துப்பறியும் நாவல் விளையாட்டுகள் நிறைய. வழக்கமாக அவற்றில் கன்ட்ரோல் விசையைப் பிடித்திருந்தால் வசனம் தாண்டும். டேப் விசையை ஒருமுறை தட்டினால் தானாகவே தாண்டிக்கொண்டு போகும். ஆனால் இயல்பாக அது ஏற்கெனவே பார்த்த வசனத்தை மட்டுமே தாண்டும். பார்க்காத வசனத்தையும் தாண்டும்படி அமைப்பில் ஒரு தேர்வு உண்டு. பழைய நினைவு இருக்கும் கணினியில் சிட்டாகப் பறக்கும் விளையாட்டு, புதுக் கணினியில் அடியெடுத்து வைக்காமல் நிற்பது இதனால்தான். பழைய சேவ் பற்றிய விதியைப் பார்க்கச் சொன்னதும் இதற்காகவே.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு கதையில் 1,500 வசனப் பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒரு விநாடி தாமதித்தால் 300 விநாடி. ஐந்து நிமிடம் போயிற்று. எந்தப் புதிரிலும் ஐந்து நிமிடத்தைச் சேமிக்க முடியாது, ஏனென்றால் விடை தெரிந்த புதிர் ஐந்து நிமிடம் எடுப்பதே இல்லை.

தட்டும் முறைக்கு வருவோம். இரண்டு பொத்தான்களும் வசனத்தை நகர்த்தும் விளையாட்டு என்றால் ஒரே பொத்தானை ஒரே விரலால் அடிக்காதீர்கள். இரண்டு விரல்களை இரண்டு பொத்தான்களில் வைத்து, தவில்காரர் இரு கைகளையும் மாற்றி மாற்றி விடுவதைப்போலத் தட்டுங்கள். அழுத்தமே வேண்டாம், பொத்தான் அசையும் அளவு போதும். பேச்சு முடியும் தறுவாயில் மட்டும், பேச்சைத் தொடங்கும் பொத்தானை விட்டுவிட்டு ரத்துசெய்யும் பொத்தானுக்கு மாறிவிடுங்கள். இல்லையென்றால் கடைசிப் பெட்டி மூடியதும் உங்கள் அடுத்த தட்டு அதே ஆளை மறுபடியும் பேசவைத்துவிடும். தொடுதிரையிலும் இதே கதைதான். பாம்பன் தம்பி பேசுகிறவரின் முகத்தின் மேலேயே எழுதுகோலால் தட்டிக்கொண்டிருந்தான். பேச்சு முடிந்த அடுத்த தட்டில் அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். திரையின் காலி மூலையில் தட்டப் பழகிய பிறகு, 38 பெட்டிகள் கொண்ட ஒரு காட்சி அவனுக்கு 61 விநாடியிலிருந்து 44 விநாடிக்கு வந்தது.

இன்னொரு பள்ளம், நடுவில் வரும் கேள்வி. ‘ஆம், இல்லை’ தேர்வு வரும் இடத்தில் கண்ணை மூடித் தட்டினால் முதல் விடை தேர்வாகிவிடும். படகு கரை அணையும்போது எஞ்சினை முன்பே தணிப்பதைப்போல, கேள்விக்கு இரண்டு பெட்டிகள் முன்னதாகவே கையைத் தளர்த்துங்கள். வாசிக்க நேரம் இருக்காது; ஆகவே அடையாளங்களைப் பிடியுங்கள். பாத்திரத்தின் முகம் மாறுவது, இசை நிற்பது, ஒரு கதவுச் சத்தம். நோட்டில் ‘தாத்தா சிரித்ததும் நிறுத்து’ என்று எழுதினால் போதும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. எழுத்து எழுத்தாக ஓடும் விளையாட்டுகளில் பலர் ஜப்பானியப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்பீர்கள். அந்த மொழியில் அதே வசனம் குறைந்த எழுத்துகளில் அடங்கிவிடுவதால் பெட்டி சீக்கிரம் நிரம்பும். முதல் மாதத்தில் உங்களுக்கு அது வேண்டாம். மெனுவின் இடங்கள் கைக்குப் பழகிய பிறகு மாறிக்கொள்ளலாம்.

கைகளைப் பற்றி உண்மையான அக்கறையோடு சொல்கிறேன்: அரை மணி நேரம் தட்டினால் பத்து நிமிடம் ஓய்வு. மணிக்கட்டில் வலி தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் வலை இழுக்க வேண்டிய கை அது.

புதிரைக் கைக்குள் கொண்டுவருவது

புதிர்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விடையை எழுதினால் போதும் என்பவை. பொருள்களை நகர்த்திச் செய்து காட்ட வேண்டியவை. ஒவ்வொரு ஆட்டத்திலும் விடை மாறுபவை. மூன்றாம் வகையில் மட்டும்தான் யோசிக்கும் பயிற்சி வேண்டும்; மற்ற இரண்டும் கைப்பழக்கம்.

எழுதும் வகையில் ஆபத்து ஒன்றுதான். லேட்டன் போன்றவற்றில் எண்ணைக் கையால் எழுத வேண்டும். அவசரத்தில் எழுதிய 1, 7 ஆகப் படிக்கப்படும். நீங்கள் எழுதுவதை இயந்திரம் எப்படிப் படிக்கிறது என்று பத்து எண்களையும் தனியாகச் சோதித்து, தவறாத வடிவத்தை நிலைப்படுத்திக்கொள்ளுங்கள்.

நகர்த்தும் வகைக்கு லேட்டனின் ஏழாவது புதிரைக் காட்டுகிறேன். ஆற்றின் ஒரு கரையில் மூன்று ஓநாய்கள், மூன்று குஞ்சுகள். தெப்பத்தில் இரண்டு ஏறலாம், ஒன்றாவது இருந்தால்தான் தெப்பம் நகரும். எந்தக் கரையிலும் குஞ்சுகளைவிட ஓநாய்கள் அதிகமாகிவிட்டால் குஞ்சுகள் பலி. குறைந்தது 11 நடை வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டு விடுகதையின் உறவுக்காரப் புதிர் இது.

நோட்டில் ஓநாய்க்கு ‘ஓ’, குஞ்சுக்கு ‘கு’ என்று வைத்து ஒவ்வொரு நடையையும் எழுதினோம்:

ஓஓ, ஓ, ஓஓ, ஓ, குகு, குஓ, குகு, ஓ, ஓஓ, ஓ, ஓஓ.

ஒற்றைப்படை நடைகள் அக்கரைக்கு, இரட்டைப்படை நடைகள் இக்கரைக்கு. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தவன் அப்படியே நிமிர்ந்தான். “அண்ணே, இது விகடகவி!” ஆமாம். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே வரிசை. நடுவில் இருக்கும் ஆறாவது நடைதான் திருப்பம்: கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஒரு குஞ்சையும் ஒரு ஓநாயையும் திரும்பக் கூட்டி வருவது. பதினொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐந்தும் ஒரு திருப்பமும் தெரிந்தால் மீதி தலைகீழாக வந்துவிடும்.

புலி, ஆடு விடுகதையிலும் முதலில் அக்கரை சேர்த்த ஆட்டைத் திரும்பக் கொண்டுவரும் இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். நகர்த்தும் புதிர் எதுவானாலும் இப்படிப் பின்வாங்கும் நடையைத் தேடுங்கள். அதை நோட்டில் வட்டமிட்டு, அதற்கு முந்திய பாதி, பிந்திய பாதி என்று தனித்தனியாகக் கைக்குப் பழக்குங்கள். இருபது முறை தவறில்லாமல் செய்த பிறகே வேகம்.

எந்தப் புதிர்களைத் தேர்ந்தெடுப்பது என்பதும் இதில் சேரும். ‘இத்தனை தீர்த்துவிட்டு வா’ என்னும் இடங்களில் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. எளிதான புதிரைத் தேடாதீர்கள். விலை மலிவானதைத் தேடுங்கள். அங்கே நடந்துபோகும் நேரம், புதிர் போடுகிறவர் பேசும் நேரம், விடை கொடுக்கும் நேரம் மூன்றையும் கூட்டியதுதான் ஒரு புதிரின் விலை. வழியிலேயே நிற்பவர் போடும் கடினமான புதிர், ஊர்க்கோடியில் இருப்பவரின் எளிய புதிரைவிடப் பல சமயம் மலிவு. குறிப்புக் காசுகளைத் தேடிப் பொறுக்குவதை அறவே விடுங்கள். விடை தெரிந்தவருக்குக் குறிப்பு எதற்கு?

துண்டு துண்டாக அளப்பது

விண்டோஸ் கணினி இருந்தால் லைவ்ஸ்பிளிட் என்ற இலவசக் கடிகாரத்தை நிறுவுங்கள். ஓட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு விசையைத் தட்டினால், பழைய நேரத்தைவிட முந்தினால் பச்சையும் பிந்தினால் சிவப்பும் காட்டும். அந்தப் பகுதியில் உங்கள் மிகச் சிறந்த நேரம் என்றால் தங்க நிறம். தொடக்கத்தில் எட்டு, பத்துப் பகுதிகள் போதும். புதிர் நிறைந்த பகுதியும் பேச்சு நிறைந்த பகுதியும் ஒரே துண்டுக்குள் விழாதபடி வெட்டுங்கள். அப்போதுதான் நேரம் எங்கே கசிகிறது என்று தெரியும். கணினி இல்லையென்றால் கைபேசிப் பதிவும் ஒரு நோட்டும் போதும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

கடற்கரை வீட்டில் பதிவு செய்வது

இது இங்குள்ளவர்களுக்காக. வடகடலும் தென்கடலும் இருபுறமும் இருக்கும் ஊரில் உப்புக்காற்றுக்கு மறைவிடம் இல்லை. பொத்தானுக்கு அடியில் உள்ள தொடுபுள்ளிகளில் உப்பும் ஈரமும் ஏறினால் சில அழுத்தல்கள் பதிவாகாமல் போகும். கை மந்தமாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். விளையாடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் சன்னலோரத்தில் உட்கார வேண்டாம்.

மின்சாரம் போகும் என்று எண்ணியே தயாராகுங்கள். மடிக்கணினி முழுதாகச் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். நேரலை செய்யப் போகாமல் ஓபிஎஸ் என்ற திரைப்பதிவு மென்பொருள் மூலம் கணினியிலேயே பதிவு செய்து, இணையம் சற்று வேகமாக இருக்கும் நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றுங்கள். கையடக்கக் கருவி என்றால் கைபேசியை ஓர் உயரமான டம்ளரில் சாய்த்து, திரையும் இரு கைகளும் தெரியும்படி வைத்தால் போதும். வெட்டாமல், ஒட்டாமல் முழு ஓட்டமும் ஒரே பதிவாக இருக்க வேண்டும்.

அனுப்பும்போது பிரிவு, கருவி, மொழிப் பதிப்பு, நேரம் ஆகியவற்றைச் சரியாக நிரப்புங்கள். சரிபார்ப்பவர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறவர்கள். சில நாள்கள் ஆகலாம். தம்பியின் முதல் ஓட்டத்தை இரண்டு விநாடி குறைத்துத் திருத்தி ஏற்றுக்கொண்டார்கள். விதிப்படி புது ஆட்டத்தைத் தொடங்கும் தட்டிலிருந்து கணக்கு. நாங்கள் அதற்கு முந்திய தலைப்புத் திரையிலேயே கடிகாரத்தை ஓடவிட்டிருந்தோம். அவன் அதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் ஜூன் 14 அன்று இரவு படகில் ஐஸ் ஏற்றப் போனான்.